சீட்டு நனைஞ்சிடும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். என் இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் இன்னும் குடியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா, உட்கார ஒரு ஸ்டூலாவது கொடுத்தார்களா?

இதற்கு ஒரு போன் போட்டால் ஆகாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கத்த முடியும்.

அப்பாவின் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. அண்ணனே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வேறொரு வண்டியின் கதவுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி முதலாளியிடம் போனார். நாலு கதவிலும் கண்ணாடி ரப்பர் செத்துக் கிடக்கிறது. காய்ந்து, குதிகால் மாதிரி வெடித்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. கண்ணாடிகள் பல் மாதிரி ஆடுகின்றன. பின்பக்க இடது கதவில் கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறவில்லை.

"மழைக்கு முன்னாடி நாலையும் புதுசா மாத்திக் குடுத்துடுங்க. இப்பதான் புது உறை போட்டிருக்கேன். சீட்டு நனையக் கூடாது" என்று முதலாளியிடம் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கையில் இருந்த ஸ்க்ரூ கதவுக்குள் விழுந்துவிட்டது. வெகு நேரம் துழாவித்தான் எடுத்தேன்.

முதலாளி வேலையை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். பழைய மாடல் என்பதால் ரப்பர் வெளியூரிலிருந்து வர வேண்டும், நாளாகும். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருமலுக்கு மருந்து வாங்கினாயா, இல்லை வழக்கம்போல "தானா போயிடும்" என்று விட்டுவிட்டாயா? என் முழங்காலை விடு, அது என்னோடு பழகிவிட்டது. ஸ்டூல் வந்தது. அதில் மேற்பார்வையாளர் உட்கார்ந்துகொண்டார்.

உன் கடிதத்தைப் படுக்கை விரிப்புகள் மடிக்கிற மேஜையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபோது பக்கத்தில் இருந்த இஸ்திரி இயந்திரத்தைவிட நான் சூடாக இருந்தேன்.

சீட்டு நனையக் கூடாதாம்! வாய் கூசவில்லை அவனுக்கு? போன வருஷ மழையில், மத்தியானம், அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தபோது நீ ஓடியது யார் வீட்டுக்கு? அடுத்த தெருதானே? வண்டி வாசலில்தானே நின்றது? அப்பா விட்டுப்போன வண்டி, மூத்தவன் என்ற ஒரே உரிமையில் சாவியை எடுத்துக்கொண்ட வண்டி. கதவைப் பாதி திறந்துகொண்டு என்ன சொன்னான் உன்னிடம்? "கண்ணாடி ஏற மாட்டேங்குது. சீட்டு நனைஞ்சிடும்டா. வாடகை வண்டி ஏதாவது பாரு." நீ என்னிடம் சொன்ன அந்த மூன்று வாக்கியத்தையும் நான் இன்னும் ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன்.

நீ அம்மாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாய். எந்த வண்டியும் நிற்கவில்லை. கடைசியில் முன்பின் தெரியாத ஒரு மெத்தைக் கடை வேன்காரர் நிறுத்தி, விற்க வைத்திருந்த புது மெத்தை மேல் அம்மாவைப் படுக்க வைத்தார். மெத்தை தொப்பலாக நனைந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை என்றாய். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். பெற்ற பிள்ளைக்கு இல்லாத மனசு மெத்தை விற்கிறவருக்கு இருந்தது.

இப்போது அவன் கதவு உன் கையில் கிடைத்திருக்கிறது. எங்கேயாவது ஒரு இடத்தில் ரப்பரைக் குறைத்து வெட்டு. தண்ணீர் உள்ளே வரட்டும். அவன் உட்காருகிற இடத்திலேயே வரட்டும். உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் பழையபடி. மருந்து வாங்கினேன், கசக்கிறது. நீ ஒருநாளாவது வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் நீ நினைக்கிற மாதிரி அது நடக்காது. முதலாளி எந்த வண்டியையும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். தானே உள்ளே உட்கார்ந்துகொள்வார். என்னை வெளியே நின்று அடிக்கச் சொல்லி, மூலை மூலையாக விரலால் தடவிப் பார்ப்பார். அதோடு காகிதச் சோதனை வேறு. ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் அங்கே அழுத்தவில்லை என்று அர்த்தம், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். குறைத்து வெட்டினால் அன்றைக்கே மாட்டிக்கொள்வேன்.

இன்னொன்று. முதலாளிக்கு இடுப்பு போய்விட்டது, குனிய முடிவதில்லை. "இந்த வருஷ மழை சீசன் தொடங்கட்டும். கண்ணாடி, ரப்பர் வேலை மொத்தமும் உன் பொறுப்பு. கடைப் பலகையில உன் பேரையும் எழுதிடலாம்" என்கிறார். இதை நான் வீட்டில் சொன்ன நாளிலிருந்து உன் தம்பி பெண்டாட்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறாள். எந்த இடத்தில் எழுதுவார்கள் என்று கேட்கிறாள். அவள் என்னிடம் எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார்.

தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? நானும் சுகம். இந்த வாரம் உற்சாகமாகக்கூட இருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், மீசைக்காரர் என்போம். அவரிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். என்ன ரப்பர் போட்டாலும் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யுமாம். அது வடிந்து போகக் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்களாம். "அது அடைஞ்சா போச்சும்மா. வெளியில ஒண்ணும் தெரியாது. தண்ணி உள்ளேயே தேங்கி, கதவு அடியிலிருந்து துருப்பிடிச்சு வந்துடும். கதவை ஆட்டினா குடம் மாதிரி சத்தம் கேக்கும்" என்றார்.

இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே. ஏன்? மேலே ரப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி போடு. உன் முதலாளி எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கட்டும், காகிதத்தை இழுக்கட்டும். அடியில் அந்த ஓட்டைகளை அடைத்துவிடு. உன் பெயருக்கும் பங்கமில்லை, பலகைக்கும் பங்கமில்லை. அவன் தினமும் துடைத்துத் துடைத்து வைக்கிற வண்டி உள்ளுக்குள்ளேயே மக்கட்டும். மக்குவது தெரியாமல் அவன் அதில் உட்கார்ந்து போகட்டும்.

இனி உனக்குச் சாக்கு இல்லை.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. ரப்பர் போன வாரம்தான் வந்தது. இருமல் போய்விட்டது.

வேலை முடிந்தது. பழைய ரப்பரை உரித்து எடுப்பதுதான் பெரும்பாடு. ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தகரம் பளபளவென்று தெரிகிற வரைக்கும் விடவில்லை. கண்ணாடி ஏறி இறங்குகிற தடத்தில் வெல்வெட் வைத்த புது ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு இறக்கினேன். மூலையில் வெட்டி ஒட்டுவது சுலபம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் வெட்டாமல் வளைத்துப் போட்டேன், இணைப்பு கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வரும்படி. பின்பக்க இடது கண்ணாடி இப்போது ஒரு விரலால் சுற்றினாலே மேலே போய் முட்டி நிற்கிறது. உள்ளே உட்கார்ந்து நாலையும் ஏற்றினால் பட்டறைச் சத்தம் அப்படியே நின்றுபோகிறது, என் மூச்சு எனக்கே கேட்டது. முதலாளி காகிதத்தை இழுத்தார். கிழிந்துதான் வந்தது.

நீ சொன்னதையும் செய்துவிட்டேன். ஓட்டைகளை அடைத்துவிட்டேன். வண்டியை அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.

தம்பி


மே 11

என் கண்ணே தம்பி,

நீ நூறு வயசு இருப்பாய். உன் பெண்டாட்டியும் நன்றாக இருப்பாள்.

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மா போன பிறகு இந்த வாரம்தான் நிம்மதியாகத் தூங்கினேன். மேற்பார்வையாளர்கூட, "என்னம்மா, தானா சிரிச்சுக்கறே?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு கதவு துருப்பிடிக்கப் போகிறது என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாய். எப்படியடா எழுதாமல் இருப்பது? எனக்கு இப்போது பேச இருப்பதே இது ஒன்றுதான். அங்கே மழை எப்போது தொடங்கும்? தொடங்கியதும் ஒரு வரி போடு. வண்டி தெருவில் போனால் கதவு குலுங்குகிற சத்தம் வெளியே கேட்குமா? கேட்டால் எப்படி இருந்தது என்று எழுது.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் படிக்கட்டில் பாசி படிந்து, உன் தம்பி பெண்டாட்டி போன புதன்கிழமை வழுக்கி விழப் பார்த்தாள். நல்லவேளை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. வருகிற வண்டியெல்லாம் ஒழுகுகிற வண்டி.

பெயர் எழுதுகிறவர் வந்து பலகையை அளந்துகொண்டு போனார். முதலாளியின் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில். உன் தம்பி பெண்டாட்டிக்கு அது என்ன நிறம் என்பதுதான் இப்போது பெரிய கவலை. நீலம் என்கிறாள்.

அண்ணன் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

முழங்காலுக்கு மழைக்குளிர் ஆகாது, கம்பளியைச் சுற்றிக்கொள்.

தம்பி


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

பெயர் எழுதப் போகிறார்கள் என்று படித்ததும் வயிறு நிறைந்தது. நீலமே நல்லது, தூரத்திலிருந்து தெரியும்.

ஆனால் நீ ரொம்ப மோசமடா. இவ்வளவு மழை பெய்திருக்கிறது, வண்டி ஓடுகிறது என்று ஒரு வரி! நான் இங்கே மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து நிற்கிறேன். வண்டி உள்ளே மக்குகிறது, அவனோ ஒன்றும் தெரியாமல் சொகுசாகப் போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தெரியாத தண்டனை என்ன தண்டனை? பொறுக்க முடியவில்லை எனக்கு.

அதனால் அவனுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். இரண்டே வரிதான். "உன் கார்க் கதவை ஆட்டிப் பார். உள்ளே கேட்கிறது அம்மா நனைந்த மழை." நன்றாக இருக்கிறது, இல்லையா? வெகுநேரம் யோசித்து எழுதினேன். அவன் படிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்கவே இனிக்கிறது.

நீ பயப்படாதே. உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை.

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

உன் சுகத்தை விசாரிக்க இன்று எனக்கு மனசு வரவில்லை.

என் பெயரை எழுதவில்லையாம். நாலு கதவையும் பிரித்து மூடியவன் ஊரில் நான் ஒருவன்தானே அக்கா? வேறு யாரை நினைப்பார்?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் பட்டறைக்கு வந்தார். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்னு உங்க ஆளைக் கேளுங்க" என்று முதலாளியிடம் நீட்டினார். கதவைப் பிடித்து ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. அப்படியும் விடவில்லை, நாலு கதவின் உள் அட்டைகளையும் கழற்றச் சொன்னார். நானே கழற்றினேன். முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தார்.

எல்லாம் திறந்திருந்தன. அடைந்திருந்த இரண்டைக்கூட நான் கம்பி விட்டுச் சுத்தம் செய்திருந்தேன். ஆமாம், உன்னிடம் பொய் எழுதினேன். நான் எதையும் அடைக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே சாக்கு அந்த ரப்பர். அந்தச் சாக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. இனி எந்த மழையில் யார் போய் அவர் வாசலில் நின்றாலும் கண்ணாடி ஏறாது என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நான் பழி வாங்கியது அப்படித்தான். உனக்கு அது போதாது என்று தெரியும், அதனால் உனக்குப் பிடித்ததை எழுதினேன்.

அண்ணன் போன பிறகு முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். உனக்குப் பொய்யாக எழுதியதை மட்டும் ஒப்புக்கொண்டேன். "நீ செய்யலை, அது தெரியுது. ஆனா செஞ்சேன்னு அவங்களுக்கு எழுதியிருக்கே. கதவை மூடினப்புறம் உள்ள என்ன இருக்குன்னு எந்தக் கஸ்டமருக்கும் தெரியாதுடா. நம்மளை நம்பித்தான் விட்டுட்டுப் போறான். இன்னைக்கு எல்லாரும் கேட்டுட்டாங்க. நான் உன்னை எப்படி வச்சுக்குவேன்?" என்றார். அவர் கண்ணும் கலங்கியது. பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள், நீலத்தில். அன்று சாயங்காலமே அதன் மேல் வெள்ளை அடித்தார்கள். உன் தம்பி பெண்டாட்டி பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுகிறாள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேனில் போகும்போது அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பெரியவன் வண்டி பின்னாடி வருதாடா?" வருதும்மா, வருதும்மா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அம்மாவைத் தூக்கியது நான். அந்தக் கனம் என் கையில் இருக்கிறது. நீ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வஞ்சம் தீர்த்தாய், அதற்கான விலையை என் வீடு கொடுத்தது.

அவருக்கு எழுதுவதாக இருந்தால் எழுது. எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை?

இந்த மாதம் பதினாலாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நீயே வர வேண்டும். ஆளை அனுப்பாதே. மழை பெய்தால் சந்தோஷம். கண்ணாடியெல்லாம் இப்போது ஒரு விரலில் ஏறுகிறதாம், அதனால் வர முடியாமல் போக உனக்குக் காரணம் எதுவும் இருக்காது.

வராவிட்டால் நடந்தே வருவேன். உன் வாசலில் நின்று எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடிவீடு எல்லாருக்கும் கேட்கும்படி சீட்டுக் கதையை முதலிலிருந்து சொல்வேன். என் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

அண்ணிக்கு என் விசாரிப்பு.

உன் தங்கை


ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, திட்டிக்கொள். உனக்கு வேறு வேலை எதுவும் கிடைத்ததா? உன் பெண்டாட்டி இன்னும் பாத்திரம்தான் கழுவுகிறாளா?

உன் ஊருக்கு வந்துவிட்டு உன்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். ஒருநாள் லீவுதான் கொடுத்தார்கள் என்பது உண்மை. உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

ரயிலை விட்டு இறங்கும்போது நல்ல மழை. கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. நிலையத்துக்கு வெளியே, கூரை இல்லாத இடமாகப் பார்த்து நின்றேன். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, துணியைப் பிழிந்தால் ஒரு வாளி வரும் அளவுக்கு நனைந்தேன். அவன் வந்தான். வண்டியைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. முன்கதவைத் திறந்தேன். என்ன செய்து வைத்திருந்தான் தெரியுமா? நான் உட்கார வேண்டிய சீட்டின் மேல் பிளாஸ்டிக் விரித்து வைத்திருந்தான். கூடப்பிறந்தவளுக்கு!

பிளாஸ்டிக்கை உருவி எடுத்தேன், அழகாக நாலாக மடித்தேன், அவன் மடியில் வைத்தேன். பிறகு அப்படியே உட்கார்ந்தேன், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். என் பையையும் பின்சீட்டில் வீசினேன். அதுவும் தொப்பல்.

நாலு கண்ணாடியையும் ஏற்றச் சொன்னேன். தம்பி, நீ எழுதியது நிஜம்தான். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. நான் சொல்வதைக் கேட்காமல் இருக்க அவனுக்கு வழியே இல்லை. வேனில் அம்மா உன்னிடம் கேட்டதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், கத்தவே இல்லை. "பெரியவன் வண்டி பின்னாடி வருதாடா?" அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்கு இது தெரியாது" என்றான். "தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன். இப்ப பட்டறைக்கு ஓட்டு" என்றேன்.

பட்டறைக்குள் நான் நடந்த வழியெல்லாம் தண்ணீர். உன் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மெத்தை வேன் வரை. உன் அண்ணன் ரப்பர் சுருள்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "செய்யச் சொன்னது நான். தம்பி செய்யலை. என் தொல்லையிலிருந்து உங்க கடையைக் காப்பாத்தத்தான் பொய் எழுதினான்" என்றேன். முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "வரச் சொல்லுங்கம்மா. ஆனா இனி அவன் பிரிக்கிற ஒவ்வொரு கதவையும் மூடுறதுக்கு முன்னாடி நான் பார்ப்பேன். பலகையைப் பத்தி இப்ப கேக்காதீங்க" என்றார். அதற்கு மேல் என்னால் வாங்க முடியவில்லை.

நான் செய்தது தப்பு. உன் வேலையைத் தின்றது அவன் இல்லை, நான்தான். அவன் மேல் இருக்கிற கோபம் குறையவில்லை, குறையவும் வேண்டாம். ஆனால் அதை இனி துப்பாக்கி மாதிரி உன் தோளில் வைத்துச் சுட மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். உனக்குக் காய்ச்சல் வந்திருக்குமே என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்டாள். அவ்வளவு நனைந்தால் வராமலா இருக்கும்? வந்திருந்தாலும் நீ சொல்லமாட்டாய்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதலாளி சொன்னபடியே செய்கிறார். உள் அட்டையை நான் மாட்டுவதற்கு முன் டார்ச்சோடு வந்து ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்க்கிறார். வாடிக்கையாளர்கள் முன்னாலும் பார்க்கிறார். அந்த நேரத்தில் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பலகையில் வெள்ளை அடித்த இடம் அப்படியேதான் இருக்கிறது. உன் தம்பி பெண்டாட்டி இப்போது எதிர்ச் சாரியில் நடந்து போகிறாள்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். பாதி ஏறிய கண்ணாடி மாதிரி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

இனி உனக்குப் பிடித்த செய்தி. இந்தத் தடவை பொய் இல்லை, அண்ணி வாயாலேயே கேட்டது. அண்ணி கடைத்தெருவில் என்னைப் பார்த்து, ஒரு ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "ஏம்பா, கார் நாத்தத்துக்கு ஏதாவது வழி இருக்கா?" நீ உட்கார்ந்த சீட்டு, உன் பை கிடந்த பின்சீட்டு, இரண்டிலும் தண்ணீர் உறையைத் தாண்டிப் பஞ்சுக்குள் இறங்கிவிட்டது. உறையைக் கழற்றிக் காயப்போட்டார்களாம். உள்ளே இருக்கிற பஞ்சு காயவில்லை. நாலு கண்ணாடியும் அவ்வளவு இறுக்கமாக நிற்பதால் ஈரம் வெளியே போக ஒரு மயிரிழை வழிகூட இல்லை. கதவைத் திறந்தால் ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி மூஞ்சியில் அடிக்கிறதாம். அண்ணி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். "அவரும் உள்ள உக்காந்தா மூச்சு முட்டுதுங்கறார். ராத்திரியில அம்மா அம்மான்னு பொலம்பறார்" என்றார்கள். வழி எதுவும் இல்லை அண்ணி என்று மட்டும் சொன்னேன். வழி இருக்கிறது, பஞ்சை மாற்றினால் போதும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மத்தியானம் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பேய் மழை. தெருவில் வண்டிகளெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் கார் வந்தது. நாலு கண்ணாடியும் முழுதாக இறங்கியிருந்தது. அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார், முகத்தில் தண்ணீர் வழிய, ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்து. பின்சீட்டில் மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பார்க்காத மாதிரி போகவில்லை.

வேறொருவன் போட்ட ரப்பராக இருந்தால் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றிருக்கும். அடிமட்டம் வரை நாலும் இறங்கி நின்றதே, அது என் வேலை அக்கா.

கம்பளியைச் சுற்றிக்கொள். நீ மழையில் நிற்காதே.

தம்பி